மிகைச் சேவலின் கதை

அடை கலைந்து எழும் கோழியின் பின்னே ஓடும் குஞ்சுகளுள் ஏறக்குறையப் பாதி பேடாகவும் பாதி சேவலாகவும் அமைவது இயற்கையின் ஒழுங்கு. முட்டை இடுவது பேடு; அடைகாப்பது பேடு; பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்தவுடன் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைப்பதும் பேடு. பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் இருந்தால் இனம் பெருகுவதற்குப் போதும். அங்ஙனமாயின் மற்றைய சேவல்கள் எதற்கு? அவற்றை எதுவரையில் வளர்ப்பது, யாருக்கு விற்பது? கோழி வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இவ்வினா எழுகின்றது. மன்னர்களின் போர்களையும் பேரரசுகளின் வீழ்ச்சியையும் ஆராயும் வரலாற்றில் இதற்கும் இடமுண்டோ என்று சிலர் ஐயுறலாம். ஆயினும், இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலத்து மக்களும் அளித்த விடையைத் தொடர்ந்து நோக்கினால், மனிதன் தன் உணவையும் உழைப்பையும், தன்னை அண்டி வாழ்ந்த உயிர்களையும் எவ்வாறு மதித்தான் என்பது புலனாகும்.

இவ்விடைகளை வைத்து எண்ணிப் பார்ப்பதற்குக் கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரம் ஏற்ற இடம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்காகத் தொடரும் ஊர்கள், கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் நெருங்கி அமைந்தவை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராக வாழும் இவ்வூர்களை அடுத்துப் பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழர் ஊர்களும் உள்ளன. தவிடும் குறுணலும் உமியும் வயற்பக்கத்திலிருந்து வருகின்றன. நெத்தலியும் மீன் கழிவும் கடற்பக்கத்திலிருந்து வருகின்றன. கோழியின் தீனிக்கு வேண்டிய இருவகைப் பொருளும் வீட்டின் இரு வாசல்களிலும் வந்து சேரும் நிலம் இது.

நெல்லுக்கும் கோழிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. உலகெங்கும் இன்று வளர்க்கப்படும் கோழிகளின் மூதாதை செங்காட்டுக் கோழி என்பது அறிஞர் துணிபு. 863 பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, சீனத்தின் தென்மேற்குப் பகுதி, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய நிலங்களில் வாழும் செங்காட்டுக் கோழி வகையே வீட்டுக் கோழியின் நேர் முன்னோர் என்று காட்டிற்று. ஐயத்துக்கு இடமின்றி வீட்டுக் கோழியின் எலும்புகள் என்று கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழையவை மத்திய தாய்லாந்தின் பான் நொன் வட் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டவை என்றும், அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்றும் 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறுகின்றது. மேட்டு நிலத்தில் நெல்லும் தினையும் விளைவிக்கத் தொடங்கிய மக்களின் களங்களிலும் குதிர்களின் ஓரங்களிலும் சிந்திய தானியமே காட்டுக் கோழியை மனிதனின் வாசலுக்கு அழைத்து வந்தது என்பது அவ்வாய்வாளர் முடிவு. மனிதன் கோழியைத் தேடிச் சென்று பிடித்தான் என்பதினும், நெல்லைத் தேடிக் கோழி வந்தது என்பதே பொருந்தும்.

இலங்கைக்கு உரிய காட்டுக் கோழி வேறோர் இனம். செந்நிறக் கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு விளங்கும் அப்பறவை இந்நாட்டின் தேசியப் பறவையாகப் போற்றப்படுகின்றது. கல்லோயாக் காடுகளில் வைகறையில் அதன் குரலைக் கேட்கலாம். எனினும் ஊர்க்கோழியின் முன்னோர் அதுவன்று. தென்னிந்தியாவின் சாம்பற் காட்டுக் கோழியோ ஒரு பங்களித்துள்ளது. வீட்டுக் கோழிகள் பலவற்றின் கால்களிலும் தோலிலும் காணப்படும் மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறியப்பட்டது.

பழந்தமிழ் நாட்டில் மனையில் வாழும் கோழியைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தனர். முருகவேளின் கொடியில் சேவல் நின்றது. சோழரின் பழைய தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. சேவல் ஒன்று யானையை எதிர்த்துப் பொருத இடம் அது என்பது அப்பெயர்க்குக் கூறப்படும் கதை. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், போரில் மாண்ட சேவல் ஒன்றுக்கு எடுத்த நடுகல் கிடைத்துள்ளது. ஏறத்தாழக் கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கல்லில் சேவலின் உருவமும் வட்டெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. வீரனுக்கு எடுக்கும் கல்லை ஒரு பறவைக்கு எடுத்தனர் என்றால், அக்காலத்து ஊரார் சேவலை வேண்டாத பொருளாகக் கருதவில்லை என்பது தெளிவு. வலியது களத்துக்குச் சென்றது. மெலியது அடுப்புக்குச் சென்றது. மிகைச் சேவல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

உரோமாபுரியிலோ சேவல் சட்டத்தின் துணையால் மதிப்புப் பெற்றது. கி.மு. 161இல் பன்னியுசு என்னும் ஆட்சித் தலைவர் விருந்துகளின் ஆடம்பரத்தை அடக்க ஒரு சட்டம் இயற்றினார். விருந்தில் ஒரு கோழியை அன்றி வேறு பறவை எதனையும் பரிமாறலாகாது என்றும், அக்கோழியும் கொழுக்க வைக்கப்பட்டதாக இருத்தலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. உண்போர் உடனே ஒரு வழி கண்டனர். சட்டம் பேட்டைக் கூறியதேயன்றிச் சேவலைக் கூறவில்லை என்று கொண்டு, பாலில் நனைத்த தீனியூட்டிச் சேவல்களைக் கொழுக்க வைத்தனர் என்று பிளினி என்னும் அறிஞர் எழுதி வைத்துள்ளார். ஒரு தடை பிறந்த அன்றே அதற்கொரு வாயிலும் பிறக்கும் என்பதற்கு இது பழைய சான்று.

இடைக்காலத்தில் இந்துமாக் கடலின் வணிகம் கோழியையும் துறைமுகந்தோறும் கொண்டு சென்றது. 14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கும் வந்து சென்ற அரபுப் பயணி இப்னு பதூதா, சீனக் கோழிகளின் பருமையைப் பற்றி வியந்து எழுதியுள்ளார். சீனச் சேவலை அவர் முதன்முதலிற் கண்டது மலையாளக் கரையிலுள்ள கொல்லத்தில். அதனைத் தீக்கோழி என்றே எண்ணி மலைத்ததாகவும், சீனத்தில் வாங்கிய கோழி ஒரு சட்டியில் அடங்காமையால் இரு சட்டிகளில் இட்டுச் சமைக்க நேர்ந்ததாகவும் அவர் கூறுகின்றார். கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும் நல்ல இனத்துச் சேவல் கடல் கடந்து விலை பெற்றது என்பது அதனால் விளங்கும்.

இனிக் கல்முனைக் கரையின் முற்றத்துக்கு வருவோம். கிழக்குக் கரையில், முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும், திருமணத்தின்போது வீடு மகளுக்குச் சேர்வது நெடுங்கால வழக்கு. வீடு பெண்ணுடையதானாற்போல முற்றத்துக் கோழியும் பெண்ணுடையதாகவே இருந்து வந்தது. கணவன் வயலுக்கோ கடலுக்கோ கடைக்கோ சென்ற பின், முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் அவள் கையில் நின்றன. பிள்ளையின் கொப்பிக்கும், திடீரென வரும் காய்ச்சலின் மருந்துக்கும், உறவினர் வீட்டுக் கலியாணத்தில் மொய் கொடுப்பதற்கும் யாரிடமும் கேளாமல் எடுக்கக்கூடிய செல்வம் அது. அடைக்கு வைப்பதற்கு எந்த முட்டையைத் தெரிவது, ஏழாம் நாளில் விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்து எந்த முட்டையை விலக்குவது, எந்தப் பேடு நல்ல அடை, எது குஞ்சை மிதிக்கும் பேடு என்பனவெல்லாம் தாயிடமிருந்து மகள் கற்ற கல்வி.

பன்னிரண்டு முட்டைகளை அடைக்கு வைத்துப் பத்துக் குஞ்சுகள் பொரித்தன என்று கொள்வோம். பருந்தும் காகமும் கீரியும் மரநாயும் தத்தம் பங்கை எடுத்தபின் ஐந்தாறு குஞ்சுகளே தேறும். அவற்றுள் இரண்டோ மூன்றோ சேவல். எட்டு வாரமளவில் கொண்டை சிவந்து, வாலிறகு வளைந்து, ஒன்றோடொன்று பொரத் தொடங்கும்போது சேவலைப் பிரித்தறிதல் எளிது. நான்கைந்து மாதத்தில் அது விலைக்கு உரியதாகும். நோன்புப் பெருநாளும் கந்தூரியும் கலியாணமும் விருந்தினர் வருகையும் அதன் சந்தை. சேவற்போரை இசுலாமிய மார்க்கம் ஒப்புவதில்லை. ஆதலின் இக்கரையின் முஸ்லிம் ஊர்களிற் சேவல் களத்துக்கு உரியதன்று, சமையலுக்கே உரியது. சுபஹுத் தொழுகைக்கு எழுப்பும் பறவையாகையால் அதனை ஏசுதல் கூடாது என்று நபிமொழி ஒன்று அறிவுறுத்துவதால், விற்கும் நாள்வரை அதற்கு ஒரு மதிப்பும் இருந்தது. சுருங்கச் சொன்னால், பேடு அன்றாட வருவாய், சேவல் சேமிப்பு. இம்முறையில் வேண்டாத குஞ்சு என்று ஒன்றில்லை.

இம்முறையின் பெரும்பகை சேவலின் மிகையன்று, நோய். 1926இல் சாவா தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஒரே காலத்தில் ஒரு கொள்ளை நோய் கோழிகளிடையே தோன்றிற்று. அதனை அடுத்து இந்தியாவின் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் அது கண்டறியப்பட்டமையால், இராணிக்கேத் நோய் என்ற பெயர் நம் நாடுகளில் நிலைத்தது. கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்து, இரண்டு மூன்று நாட்களில் ஒரு தெருவின் கோழிகள் அனைத்தும் மடியும். ஆண்டு முழுவதும் சேர்த்த செல்வம் ஒரு வாரத்தில் அழிவது கண்ட பெண்கள், பத்துக் கோழிக்கு மேல் வளர்க்க அஞ்சியதில் வியப்பில்லை. குளிரூட்டும் பெட்டியின்றியும் சில காலம் கெடாதிருக்கும் தடுப்பு மருந்துகளை 1980களில் அவுசுத்திரேலிய ஆய்வாளர் ஊர்க்கோழிகளுக்கென்று ஆராய்ந்தமை, இத்துறையில் ஏழை நாடுகளுக்குக் கிடைத்த பெரும் உதவி.

ஊர் முற்றத்தின் ஒழுங்கு இவ்வாறிருக்க, உலகின் பிற பகுதிகளில் ஒரு மாற்றம் உருவாகிக்கொண்டிருந்தது. பேட்டின் துணையின்றி முட்டையைப் பொரிக்க வைப்பதே அம்மாற்றத்தின் முதற்படி. எகிப்தியர் எருக்குவியலின் சூட்டில் முட்டைகளைப் பொரிக்கச் செய்தனர் என்று அரித்தோட்டில் எழுதினார். பிற்காலத்தில் செங்கல்லாற் கட்டிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அவர்கள் ஒருங்கே பொரிக்க வைத்தனர். சூட்டை அளக்கக் கருவியில்லை. முட்டையைக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூட்டை அறிந்தனர். பிரான்சு நாட்டு அறிஞர் இரெயோமூர் இக்கலையை ஆராய்ந்து 1749இல் ஒரு நூல் வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் குஞ்சு பொரிக்கும் இயந்திரங்கள் வாணிக முறையில் விற்பனைக்கு வந்தன.

ஆயினும் குஞ்சு வாணிகத்துக்கு வழி திறந்தது இயந்திரம் மட்டுமன்று. குஞ்சின் உடலமைப்பே ஒரு வாய்ப்பை வைத்திருந்தது. ஓட்டை உடைத்து வெளிவருவதற்குச் சற்று முன் குஞ்சு, முட்டையில் எஞ்சிய மஞ்சட் கருவைத் தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்கின்றது. தாய்க்கோழி எல்லாக் குஞ்சுகளும் பொரிக்கும்வரை அடையை விட்டு எழாமலிருக்க, முதலிற் பொரித்த குஞ்சு பட்டினியால் மாளாதிருப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. இதனால் ஏறக்குறைய மூன்று நாட்கள் அது தீனியும் நீருமின்றி வாழவல்லது. மூன்று நாளில் புகைவண்டி நெடுந்தொலைவு செல்லும் அல்லவா? 1892இல் அமெரிக்காவின் நியூ சேர்சி மாநிலத்திலிருந்து ஒரு நாட் குஞ்சுகள் பெட்டியில் அடைத்துச் சிக்காகோவுக்கு அனுப்பப்பட்டன. 1918 முதல் அந்நாட்டு அஞ்சல் நிலையங்கள் குஞ்சுப் பெட்டிகளைப் பொதியாக ஏற்கத் தொடங்கின. தாயின் பொறுமைக்காக அமைந்த மூன்று நாள் வணிகரின் தவணையாயிற்று.

இரண்டாம் படி, இனத் தெரிவு. இத்தாலியின் இலிவோர்னோத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய லெகோன் கோழி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டு, முட்டைக்கென்றே ஓர் இனமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் லெகோன் என்ற சொல் இலங்கையின் ஊர்ப்புறங்களிலும் வழங்கலாயிற்று. காட்டுக் கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிடும். ஊர்க்கோழி ஐம்பது அறுபது இடும். இக்காலப் பண்ணைப் பேடு முந்நூறு இடுகின்றது. இப்பேற்றுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அடைகிடக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். ஆகையால் அடைகிடக்கும் இயல்பு குறைந்த பேடுகளையே வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தனர். இறுதியில் அடைகாக்கவே அறியாத கோழி உருவாயிற்று. அதுவரை முற்றத்தில் தானே உண்டான குஞ்சு, அன்று முதல் கடையில் வாங்கும் பண்டமாயிற்று. வாங்கும் பண்டம் எனும்போது, முட்டைக்காகக் கோழி வளர்ப்பவன் சேவலுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியும் உடன் பிறந்தது.

குஞ்சின் பாலை முன்னரே அறிய வேண்டும் என்ற ஆவல் புதியதன்று. நீண்டு கூர்த்த முட்டையிற் பேடும், உருண்ட முட்டையிற் சேவலும் பிறக்கும் என்றார் அரித்தோட்டில். உரோமாபுரியின் வேளாண்மை நூலாசிரியர் கொலுமெல்லா, கூர்த்த முட்டையிற் சேவலும் உருண்டதிற் பேடும் பிறக்கும் என்று நேர்மாறாக எழுதினார். இருவர் கூற்றும் பிழை. கோழிகளிடத்துப் பாலை நிர்ணயிப்பது பேடே எனினும், முட்டையின் புறவடிவம் அதனைக் காட்டுவதில்லை. முதலாம் உலகப் போர்க்காலத்துத் தீனிப் பஞ்சத்தின்போது இங்கிலாந்தின் மரபியல் அறிஞர் இரெசினால்டு பன்னெட்டு, தக்க நிறமுடைய இரு இனங்களைக் கலந்தால் குஞ்சின் நிறத்தைக் கொண்டே பாலை அறியலாம் என்று எடுத்துக்காட்டினார். பொன்னிறச் சேவலை வெண்ணிறம் மிக்க குறித்த சில இனப் பேடுகளோடு சேர்க்க, பேட்டுக் குஞ்சு பொன்னிறமாகவும் சேவற் குஞ்சு வெளிர் நிறமாகவும் பிறக்கும்.

யப்பானியர் இதனினும் நுட்பமான வழி கண்டனர். 1920களில் மசுயி, கசிமோட்டோ ஆகிய ஆய்வாளர், ஒரு நாட் குஞ்சின் கழிவாயை மெல்ல விரித்து, அங்குள்ள மிகச் சிறிய புடைப்பை நோக்கிப் பாலை அறியும் முறையை வகுத்தனர். 1927இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடைபெற்ற உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் இம்முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. யப்பானில் இதற்கெனப் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. தேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சுகளைப் பார்த்து, நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பிழையின்றிப் பிரித்தனர். அவர்களைக் கனடாவும் அமெரிக்காவும் அவுசுத்திரேலியாவும் விரும்பி அழைத்தன. வளர்ப்பவனின் தீனிச் செலவு பாதியாயிற்று. வேண்டியதும் வேண்டாததும் பிறந்த நாளிலேயே இரு கூடைகளாகப் பிரிந்தன.

அப்போதும் சேவலுக்கு ஒரு புகலிடம் எஞ்சியிருந்தது. இறைச்சிச் சந்தை அது. அதனையும் மூன்றாவது மாற்றம் அடைத்தது. இரண்டாம் உலகப் போரின்பின் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் ஒரு பெருங்கடை நிறுவனமும் சேர்ந்து, நாளைய கோழி என்ற பெயரில், விரைவில் கொழுக்கும் பறவைக்காக ஒரு போட்டி நடத்தின. 1948இல் அதன் தேசிய இறுதிச் சுற்று நடந்தது. அதிலிருந்து வளர்ந்த இனங்களே இன்று புரொய்லர் என்று வழங்கும் இறைச்சிக் கோழிகளுக்கு அடிப்படை. புரொய்லர் ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ எடை பெறுகின்றது. முட்டையினத்துச் சேவலோ மூன்று நான்கு மாதம் தின்றும் அவ்வெடையை எய்துவதில்லை. முட்டைக்கு ஓர் இனம், இறைச்சிக்கு ஓர் இனம் என்று கோழி இரண்டாகப் பிரிந்தபோது, முட்டையினத்துச் சேவல் இரண்டுக்கும் உதவாததாய் நடுவில் நின்றது. மிகைச் சேவல் என்பது இயற்கை படைத்ததன்று. மனிதன் செய்த தெரிவின் விளைவு என்பதை நேயர்கள் இங்கு உற்று நோக்குதல் வேண்டும்.

இதன் முடிவு கொடியது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 700 கோடிச் சேவற் குஞ்சுகள் பிறந்த நாளிலேயே அழிக்கப்படுகின்றன என்று கணக்கிடப்பட்டுள்ளது. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் இறைவனிடம் முறையிடும் என்று நபிமொழி கேட்டு வளர்ந்த சமுதாயத்துக்கு இச்செய்தி மனத்தை உறுத்தாதிருக்க முடியாது. மேல்நாடுகளிலும் மனச்சான்று விழித்தெழுந்தது. ஜேர்மனியின் உயர் நிருவாக நீதிமன்றம் 2019இல், பொருளாதார நலன் ஒன்றே இக்கொலைக்குத் தக்க காரணமாகாது என்றும், மாற்று வழி வரும்வரை இடைக்காலத்துக்கு மட்டும் பொறுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. 2022 சனவரி முதல் அந்நாடு இதனைச் சட்டத்தால் தடைசெய்தது. பிரான்சு நாடும் அடுத்துத் தடை விதித்தது. முட்டைக்குள் இருக்கும்போதே கருவின் பாலை அறியும் கருவிகள் அங்கு இயங்குகின்றன. சில பண்ணைகள் சேவலையும் வளர்த்து, அச்செலவை முட்டை விலையிற் சேர்க்கின்றன.

ஆசிய நாடுகளில் வேறு விடைகளும் உண்டு. இறைச்சிக்கென ஒரு நாட் சேவற் குஞ்சுகளை மலிந்த விலைக்கு வாங்கி வளர்ப்போர் இந்தியாவிலும் வங்காள தேசத்திலும் உளர். வங்காள தேசத்தின் சோனாலி என்னும் கலப்பினக் கோழி குறிப்பிடத்தக்கது. றோட் ஐலண்ட் றெட் சேவலையும் எகிப்தின் பயூமிப் பேட்டையும் கலந்து உண்டாக்கிய அவ்வினத்தில் பேடு முட்டைக்கு உதவும். சேவலின் இறைச்சி ஊர்க்கோழியின் சுவையை ஒத்தது என்று மக்கள் விரும்பி வாங்குகின்றனர். இருபாலுக்கும் பயன் கண்ட இனத்தில் மிகை என்ற பிரச்சினை எழுவதில்லை.

இலங்கையில் அரசாங்கம் கண்டி மாவட்டத்துக் குண்டசாலையை அடுத்த கரந்தகொல்லையில் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி வருகின்றது. முட்டைக்கும் இறைச்சிக்கும் ஒருங்கே உதவும் இனக் குஞ்சுகள் அங்கிருந்து ஊர்களுக்குச் செல்கின்றன. எனினும் நாட்டின் பெருவாரியான முட்டையும் இறைச்சியும் பண்ணைகளிலிருந்தே வருகின்றன. அப்பண்ணைகளின் மூலக் கோழிகள் வெளிநாட்டிலிருந்து வருபவை. இதன் ஆபத்தை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் தாய்க்கோழிக் குஞ்சுகளின் வரவு குன்றியது. 2021இன் இரசாயனப் பசளைத் தடையாற் சோள விளைச்சலும் தளர்ந்திருந்தது. தீனி விலை ஏறப் பலர் கோழிகளை விற்றுத் தீர்த்தனர். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் முட்டைக்கு அரசாங்கம் உச்ச விலை விதித்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலில் வந்திறங்கியது. ஒரு காலத்தில் ஒவ்வொரு முற்றத்திலும் கிடைத்த பொருளுக்கு ஒரு நாடு கடல் கடந்து கையேந்த நேர்ந்தது.

அம்பாறைக் கரையோர மக்கள் இத்தகைய அதிர்ச்சிகளுக்குப் புதியவரல்லர். 1978 நவம்பர்ச் சூறாவளி கிழக்குக் கரையின் தென்னைகளை வீழ்த்திற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையால் நாட்டிலேயே மிகுதியான உயிர்ச்சேதம் அடைந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் ஒரு காலைப்பொழுதில் சிதைந்தன. நெடும்போரின் துன்பம் வேறு. அழிவின் பின் குடும்பம் ஒன்று மீண்டும் தலைநிமிர்வதற்கு மிகக் குறைந்த முதலுடன் தொடங்கக்கூடிய தொழில்களுள் கோழி வளர்ப்பும் ஒன்று. மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். படகுக்குப் பெருந்தொகை வேண்டும். ஓர் அடைக்கோழிக்குக் கரப்பு ஒன்றும் தவிடு ஒரு பிடியும் போதும்.

இவ்வரலாற்றிலிருந்து இக்கரைக்குப் பயன்படும் செய்திகள் சில உண்டு. முதலாவது, குஞ்சு வாங்கும்போதே சேவலின் முடிவையும் எண்ண வேண்டும். முட்டையினக் குஞ்சாயின் பாலறிந்து வாங்குதல் நலம்; முற்றத்தில் மேய்வதற்காயின் ஊரினமோ இருபயன் இனமோ ஏற்றது. இரண்டாவது, காலம். பிறைக் கணக்கில் பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வரும். அடைக்கு 21 நாளும் வளர்ச்சிக்குப் பதினெட்டு வாரமளவும் வேண்டும். ஆகவே சமாதுல் அவ்வல் மாதத் தொடக்கத்தில் அடை வைத்தவரின் சேவல் நோன்புப் பெருநாளுக்கு விலைக்கு வரும். நவம்பர் முதல் சனவரி வரையிலான வடகீழ்ப் பருவமழையில் குஞ்சு நனைந்து விறைக்கும்; அக்காலத்துக் குஞ்சுக்கு விளக்கின் சூடும் உலர்ந்த உமிப் படுக்கையும் இன்றியமையாதவை. பெரும்போக அறுவடையின் பின் பொரிக்கும் குஞ்சுக்குக் களத்தில் சிந்திய நெல்லும் வெயிலும் துணை. மூன்றாவது, எட்டு வாரமானதும் சேவலைப் பேட்டினின்று பிரித்து அடைத்து, தவிடு, குறுணல், தேங்காய்ப் பிண்ணாக்கு, உப்பு மிகாத மீன் தூள் என்பவற்றைக் கலந்து கொடுத்தால், அவை பொருதழியாமல் சதைபிடிக்கும். அடுத்த தலைமுறைக்கென ஒன்றிரண்டு நல்ல சேவலை விலக்கி வைத்து மற்றவற்றையே விற்க வேண்டும். மிகப் பெரியதை முதலில் விற்பவன் தன் இனத்தைத் தானே சிறுக்கச் செய்கின்றான். நான்காவது, இராணிக்கேத் தடுப்பு மருந்து. தெருவில் ஒரு வீடு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. அயல் முழுவதும் ஒரே நாளில் இட்டால் பலன் மிகும்.

சேவல் கூவாவிட்டால் பொழுது விடியாதா என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. சேவலின்றியும் பொழுது விடியும். சேவலின்றியும் பண்ணைப் பேடு முட்டையிடும். ஆனால் பிறந்த உயிரிற் பாதி வேண்டாதது என்று எண்ணப் பழகிய வாணிகம், நெருக்கடி வந்தபோது முட்டைக்கும் வழியற்று நின்றதை நாடு கண்டது. கல்முனைக் கரையின் முற்றத்துப் பெண்கள் நூல்களிற் கல்லாது அறிந்திருந்த கணக்கு வேறு. பேட்டுக்கு ஒரு பயன், சேவலுக்கு ஒரு பயன், தவிட்டுக்கு ஒரு பயன், எருவுக்கு ஒரு பயன் என்று எதனையும் எறியாத கணக்கு அது. நெல்லைத் தேடி மனிதன் வாசலுக்கு வந்த பறவைக்கும் மனிதனுக்கும் இடையே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலவிவரும் உடன்படிக்கை, இரு பக்கத்துக்கும் நியாயமாய் நின்ற இடம் அம்முற்றமே.